பழைய டீஸல் வண்டியில் அடிக்கடி ஒடியும் கிராஸ்

குடியானவர்களிடம் இந்நாளில் உள்ள யந்திரங்களுள், டிராக்டருக்கு அடுத்தபடியாக மிகுந்த உழைப்பைத் தாங்குவது 'பிக்கப்' என்று வழங்கும் சிறிய டீஸல் சரக்கு வண்டியேயாகும். காய்கறியை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதும், உர மூட்டையைக் கொல்லைக்குக் கொண்டுவருவதும், நோயுற்ற கன்றை மாட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வதும் அதுவே. இவற்றிற் பல 10 அல்லது 15 வருஷம் ஓடியவை. ஒருவர் கைமாறி மற்றொருவரிடம் வந்தவை. பழைய வண்டியில் பழுது நேர்வது ஆச்சரியமன்று. ஆனால் ஒரே உறுப்பு, ஒரே இடத்தில், ஒரே வருஷத்தில் மூன்று முறை கெடுமாயின் அதை வண்டியின் வயதின்மேல் சுமத்திவிடுவது நியாயமாகாது. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டின் முனையிலுள்ள 'கிராஸ்' இவ்விதம் திரும்பத் திரும்ப ஒடிவதும், ஒவ்வொரு முறையும் புதியது வாங்கிப் போட்டுவிட்டு வண்டியை வெளியே தள்ளுவதும் பல ஊர்ப் பட்டறைகளில் காணும் காட்சி.

மாட்டுவண்டிக் காலத்தில் இவ்வழக்கம் இருந்ததில்லை. கடையாணி ஒரு போகத்தில் இரு முறை தேய்ந்து விழுந்தால், அனுபவமுள்ள தச்சன் மூன்றாவது கடையாணி அடிப்பதற்கு முன் குடத்தையும் அச்சையும் பார்ப்பான். மையிட்டது எப்பொழுது என்று கேட்பான். மோட்டார் வண்டியில் உறுப்புகள் கடையில் தயாராகக் கிடைப்பதால் அக்கேள்வி மறைந்துபோயிற்று.

கிராஸ் என்பது என்ன, அது எதற்காக இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளவேண்டும். எஞ்சினும் கியர் பெட்டியும் வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. பின் அச்சோ, பட்டை வில்லின்மேல் உட்கார்ந்து, குண்டிலும் மேட்டிலும் ஏறி இறங்குகிறது. இவ்விரண்டையும் நேரான இரும்புத் தண்டினால் விறைப்பாகச் சேர்த்தால் முதற் குண்டிலேயே தண்டு முறியும். ஆகவே தண்டின் இரு முனைகளிலும் மடங்கக்கூடிய மூட்டு வேண்டும். இம்மூட்டில் இரண்டு கவைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்று, நான்கு கைகளுள்ள சிலுவை போன்ற ஓர் உருக்குத் துண்டைப் பற்றியிருக்கும். அத்துண்டே கிராஸ். ஒவ்வொரு கையின்மேலும் ஒரு சிறு குப்பி, குப்பிக்குள் நெல்மணிக் கனத்தில் ஊசி உருளைகள், அவற்றினிடையே கிரீஸ். இம்மூட்டின் இயல்பை 1676-ல் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் விவரித்தார். மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு அதை அமைத்து 1903-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கிளாரென்ஸ் ஸ்பைஸர். இன்றைய வண்டியின் அடியில் சுழல்வதும் ஏறக்குறைய அதே வேலைப்பாடுதான்.

இச்சிறு துண்டு தாங்கும் பாரம் பலருக்குத் தெரியாது. எஞ்சினின் முறுக்கு விசை 20 கிலோகிராம்-மீட்டர் என்றும், முதற் கியரின் விகிதம் நாலுக்கு ஒன்று என்றும் வைத்துக்கொண்டால், மூட்டுக்கு வரும் முறுக்கு 80 கிலோகிராம்-மீட்டராகும். ஒரு மீட்டர் நீளமுள்ள கடப்பாரையின் நுனியில் 80 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம். சேற்றில் அழுந்திய சக்கரத்தை மீட்க, கிளட்சைத் திடீரென்று விட்டு முன்னும் பின்னும் ஆட்டும்பொழுது வரும் அடி இதனினும் பன்மடங்கு. அறுவடைக்காலத்தில் வயலோரத்தில் நடக்கும் இந்த ஆட்டம் கிராஸின் ஆயுளில் எத்தனை மாதத்தைத் தின்கிறது என்பதை ஓட்டுபவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூட்டுக்கு மற்றொரு குணமும் உண்டு. இக்கட்டுரையின் விஷயம் முழுவதும் அதைப் பொறுத்தது. மூட்டு ஒரு கோணத்தில் மடங்கிச் சுழலும்பொழுது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி சீராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை விரைந்தும் இரு முறை தளர்ந்தும் செல்லும். கோணம் 4 டிகிரியாயின் இந்த ஏற்றத்தாழ்வு நூற்றில் கால் பங்கு. 10 டிகிரியாயின் நூற்றுக்கு ஒன்றரை. கோணம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்காகும். இதற்கு மாற்று யாதெனில், தண்டின் மறுமுனையில் இரண்டாவது மூட்டை வைத்து, முதல் மூட்டு செய்த கோளாறை அது எதிராகச் செய்து நேராக்கும்படி அமைப்பதே. ஆனால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால்தான் அது பலிக்கும். தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் நேருக்கு நேராக நிற்கவேண்டும். இரு முனைகளிலும் மடங்கும் கோணங்கள் சமமாயிருக்கவேண்டும். வேகமாய்ச் சுழலும் தண்டுக்கு ஒவ்வொரு கோணமும் 3 டிகிரிக்கு உட்பட்டும், இரண்டிற்குமுள்ள வித்தியாசம் 1 டிகிரிக்கு மேற்படாமலும் இருப்பது நலம் என்பது யந்திர நிபுணர் கொள்ளும் பொது விதி. கோணம் அறவே இல்லாமலிருப்பதும் தீங்கே; அப்பொழுது ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து தடம் பதித்துவிடும்.

இவ்விரண்டு நிபந்தனைகளும் எவ்வாறு கெடுகின்றன என்பதற்கு ஒரு வண்டியின் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். அது ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி மேட்டுநிலத்தில் முட்டைக்கோசும் தக்காளியும் பயிரிடும் ஒரு குடியானவருடையது. சரக்குடன் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சத்தியமங்கலம் போவதும், புண்ணாக்கும் உரமும் ஏற்றிக்கொண்டு அவ்வழியே மீள்வதும் அதன் வழக்கம். சித்திரையில் பின் மூட்டின் கிராஸ் ஒடிந்தது; புதியது போடப்பட்டது. ஆனி முடிவதற்குள் அதுவும் ஒடிந்தது. கடைக்காரர் கொடுத்தது போலிச் சாமான் என்று தீர்மானித்து, கம்பெனி முத்திரையுள்ளதை அதிக விலைக்கு வாங்கிப் போட்டார்கள். ஐப்பசி மழையில், தக்காளிப் பெட்டிகளுடன் மலையிறங்கும்பொழுது மூன்றாவதும் விட்டுப்போயிற்று.

மலையிறக்கத்தில் இது வெறும் செலவுக் கணக்கன்று. கியரில் இறங்கும் வண்டியை எஞ்சினே பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. தண்டு அறுந்த அந்தக் கணத்திலேயே அப்பிடிப்பு போய்விடும். மிஞ்சுவது கால் பிரேக் ஒன்றே. பல வளைவுகள் இறங்கிச் சூடேறிய பிரேக்கு, பாரம் நிறைந்த வண்டியை எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. முன் முனை அறுந்திருந்தால் தொங்கும் தண்டு தரையில் குத்தி வண்டியையே தூக்கியெறியவும் கூடும். இந்த வண்டியை ஓட்டியவர் மலைப்பக்கத்து மண் கரையில் சக்கரத்தை உரசி நிறுத்தினார். ஆளுக்குச் சேதமில்லை. தக்காளி மறுநாள் மாலை மார்க்கெட் சேர்ந்தபொழுது அதை ஏலத்தில் கேட்பாரில்லை.

நான்காவது கிராஸ் போடுவதற்கு முன், வயதான மெக்கானிக் ஒருவர் பழைய கிராஸ்களைக் கொண்டுவரச் சொன்னார். நல்வினையாக மூன்றும் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் கிடந்தன. முதலாவதில் மூன்று கைகள் பளபளப்பாகவே இருந்தன. ஒரு கைமட்டும் செந்துரு ஏறித் தேய்ந்திருந்தது. குப்பிக்குள் கிரீஸ் இல்லை, செம்பொடியே இருந்தது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் துருவே இல்லை. கிரீஸ் நிறைய இருந்தது. ஆனால் நான்கு கைகளிலும் ஊசிகள் அழுந்திய கோடுகள், சீப்புப் பல் போல வரிசையாய் விழுந்திருந்தன. முதலாவது பட்டினியால் மாண்டது. மற்ற இரண்டும் அடியால் மாண்டவை. ஒரே இடத்தில் ஒடிந்ததனால் மூன்றும் ஒரே நோய் என்று கொண்டதே அதுவரை நடந்த பிழை.

பிறகு அவர் கிராஸை விட்டுவிட்டுத் தண்டைப் பார்த்தார். பட்டை வில் ஏறி இறங்கும்பொழுது தண்டு நீளவும் குறுகவும் வேண்டியிருப்பதால், அதன் நடுவே பல் வெட்டிய சறுக்கு இணைப்பு ஒன்று உண்டு. அதை உருவி மறுபடி செருகும்பொழுது, எந்தப் பல்லிலும் செருகலாம். எப்படிச் செருகினாலும் உள்ளே போகும். பற்கள் 16 என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறினாலும் இரு முனைக் கவைகளும் 22½ டிகிரி திரும்பி நிற்கும். இதற்காகவே இரு பாகங்களிலும் அம்புக்குறியோ புள்ளியோ பொறித்திருப்பார்கள். பதினைந்து வருஷத்துச் சேற்றின் கீழ் அது கண்ணில் படாது. சித்திரையில் முதற் பழுதைச் சரிசெய்தபொழுது யாரோ தண்டை இரண்டாக உருவி, குறி பாராமல் செருகிவிட்டிருந்தார்கள். அன்று முதல் பின் மூட்டு, முன் மூட்டின் கோளாறைச் சரிவர நேராக்குவதை விட்டது. முதற் கிராஸின் வைத்தியமே அடுத்த இரண்டிற்கும் நோயாயிற்று.

சித்திரைக்குப்பின் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் தரைத்தகட்டில் ஓர் அதிர்வு கண்டதாகவும், டயரின் குற்றமென்று கருதி டயரை மாற்றியதாகவும் உடையவர் பிறகு சொன்னார். இங்கே சிறு கணக்கு ஒன்று உதவியிருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் நிமிஷத்திற்கு 476 முறை, அதாவது விநாடிக்கு எட்டு முறை சுழலும். பின் அச்சின் பல்விகிதம் ஏறக்குறைய நாலாயின் தண்டு விநாடிக்கு 32 முறை சுழலும். டயரின் கோளாறு ஸ்டீரிங்கிலும் இருக்கையிலும் மெதுவான ஆட்டமாகத் தெரியும். தண்டு சமனிழந்தாலோ வளைந்தாலோ சுற்றுக்கு ஒரு முறை அதிரும். மூட்டின் கோணமோ கவையின் நேரோ கெட்டால் சுற்றுக்கு இரு முறை. இது காலடியில் வண்டு ரீங்கரிப்பது போன்ற நடுக்கமாயிருக்கும். சமதரையில், வெறும் சாலையில், அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பார்த்தால், எஞ்சினுடையதும் கிளட்சினுடையதும் அடங்கிவிடும். தண்டினுடையதும் சக்கரத்தினுடையதும் நீடிக்கும். மலைப்பாதையில் இப்பரீட்சை கூடவே கூடாது.

பல் தவறியதே ஒரே காரணம் என்று அந்த மெக்கானிக் நிறுத்தவில்லை, அது போற்றத்தக்கது. இரண்டு வருஷத்திற்கு முன் அதிகப் பாரம் ஏற்றும் நோக்கத்தோடு பின் பட்டைக் கட்டில் இரண்டு பட்டைகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தன. அதனால் வண்டியின் பின்புறம் உயர்ந்து, தண்டின் சரிவு அதிகமாயிற்று. கியர் பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் நைந்து தாழ்ந்திருந்தது; ஆகவே முன் கோணமும் பின் கோணமும் சமமாயில்லை. பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கும் யூ போல்டுகள், பட்டை சேர்த்த நாளுக்குப்பின் ஒரு முறையேனும் மீண்டும் முடுக்கப்படவில்லை. அவை தளர்ந்தால், ஏற்றத்தில் முறுக்கு விழும்பொழுது அச்சே சற்றுத் திரும்பிக் கோணத்தை மேலும் கெடுக்கும். கோணங்கள் சிறியனவாயிருந்திருந்தால் ஒரு பல் தவறியதைக்கூட வண்டி சில காலம் பொறுத்திருக்கும். எல்லாம் கூடிய சுமையை ஏற்க நேர்ந்தது, வரிசையில் மிகச் சிறியதான கிராஸ்.

பட்டை சேர்ப்பதைப்பற்றிச் சிறிது வெளிப்படையாகவே கூறவேண்டும். வண்டியின் பதிவுச் சான்றிதழில் வெற்று எடையும், சரக்குடன் கூடிய உச்ச எடையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவதே ஏற்றத்தக்க பாரம். பட்டை சேர்த்தால் வண்டியின் பின்புறம் தாழாது. அதனாலேயே பாரம் குறைந்துவிட்டது போன்ற மயக்கம் உண்டாகிறது. கவையும், கிராஸும், கிரவுன் பினியனும், பிரேக்கும் பழையபடியே இருக்கின்றன. தக்காளி விலை கூலிக்கும் காணாத நாளில் இரண்டு நடைச் சரக்கை ஒரு நடையாக ஏற்றும் குடியானவரைக் குறை கூறுவது எளிது. அவருக்கு வேறு வழி அதிகமில்லை என்பதும் உண்மையே. ஆயினும் மிச்சம் பிடித்த டீஸல் எவ்வளவு, அறுந்த தண்டினால் போன சரக்கு எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் மிகச் சிலர்.

போலிச் சாமான் என்னும் பேச்சும் அவ்வாறே. சந்தையில் போலி உண்டு, ஐயமில்லை. ஆனால் அச்சொல் வாயில் வந்தவுடன் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. நல்ல கிராஸும் கெட்ட கிராஸும் ஒரே மாத கால அளவில் ஒடிந்தால், குற்றம் கிராஸில் இல்லை என்றே கொள்ளவேண்டும்.

பட்டறைக்காரர்மேல் பழி முழுவதையும் போடுவதும் சரியன்று. ஒரு கிராஸைக் கழற்றிப் போடக் கூலி உண்டு. வண்டியின் அடியில் படுத்து அரை நாள் அளந்து பார்க்கக் கூலி கொடுப்பார் இல்லை. "ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?" என்று கேட்கும் உடையவர்கள் உள்ளவரை எந்த மெக்கானிக்கும் எதையாவது மாற்றித்தான் தீருவார். குடியானவர்கள் இவ்விஷயத்தில் மனத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். மூன்றாம் முறை ஒரு பாகம் ஒடிந்தால், பாகத்தின் விலைக்கு முன்பாகப் பார்வைக்கான கூலியைப் பேசி, "இது ஏன் ஒடிந்தது என்று சொன்னபிறகு புதியதைப் போடுங்கள்" என்று கேட்பது உசிதம்.

உடையவர் தாமே செய்யக்கூடியதும் உண்டு. சமதரையில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டுத் தண்டைக் கையால் இருபுறமும் திருகிப் பார்க்கலாம். கிராஸின் குப்பிக்கும் கவைக்கும் இடையே அசைவு தெரிந்தால் கிராஸோ கவைத் துளையோ தேய்ந்தது. துளை தேய்ந்திருந்தால் எத்தனை கிராஸ் போட்டாலும் நில்லாது. சறுக்குப் பல்லில் மேலும் கீழும் ஆடினால் அது வேறு. பின் அச்சின் பினியன் முன்னும் பின்னும் இழுபட்டால் அதன் பேரிங் தளர்ந்தது. சுழற்சியில் மட்டும் சிறிது இடைவெளி தெரிவது பல்சக்கரங்களுக்கு இயல்பு, அதற்கு அஞ்சவேண்டியதில்லை. கோணத்தை அளக்கத் தனிக் கருவியும் வேண்டாம். இப்பொழுது கைப்பேசியிலேயே சாய்வு காட்டும் வசதி இருக்கிறது. கியர் பெட்டியின் பின்முகம், தண்டு, பினியனின் முகம் மூன்றிலும் வைத்துக் குறித்துக்கொள்ளலாம். வெறும் வண்டியில் ஒரு முறையும், வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒரு முறையும் அளக்கவேண்டும். எஞ்சின் ஓட, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அடியில் நுழைந்து பார்ப்பதுமட்டும் ஒருகாலும் வேண்டாம்.

கிரீஸ் அடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நிப்பிளில் துப்பாக்கியை வைத்து நாலு அழுத்து அழுத்துவதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். நான்கு குப்பிகளின் வாயிலும் புதிய கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடிக்கவேண்டும். ஒன்றில் வராவிட்டால் தண்டை அசைத்து, அந்தக் கையின் வழி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மேற்சொன்ன வண்டியின் முதற் கிராஸ் அவ்வாறு ஒரு வாய் வரண்டு போனதே. வாய்க்காலில் இறங்கி ஏறிய வண்டிக்கு அன்றே கிரீஸ் அடிப்பது நல்லது.

அவ்வண்டியின் தண்டு குறிக்குக் குறி சேர்த்து மீண்டும் செருகப்பட்டது. கியர் பெட்டியின் மவுண்டிங் மாற்றப்பட்டு, கூடுதல் பட்டை இரண்டும் கழற்றப்பட்டன. கழற்றச் சம்மதிக்க உடையவர் ஒரு நாள் எடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். நான்காவதாகப் போட்ட கிராஸ், முத்திரை உள்ளதோ இல்லாததோ என்பதை ஒருவரும் விசாரிக்கவில்லை. அடுத்த ஐப்பசியும் கடந்து அது ஓடிக்கொண்டிருந்தது. சறுக்கு இணைப்பின் இரு பாகங்களிலும் மெக்கானிக் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் உளியால் ஒவ்வொரு புள்ளி குத்திவைத்தார். சாயம் அழிந்தாலும் புள்ளி நிற்கும்.

டிராக்டர் பராமரிப்புப் பயிற்சி நடைபெறும் இடங்களில், இவ்விதம் ஒடிந்த கிராஸ்களைச் சேகரித்து, வரண்டதால் தேய்ந்தது, பாரத்தால் தடம் விழுந்தது, ஒரே அடியில் முறிந்தது என்று பிரித்து ஒரு மேஜைமேல் பரப்பி, வருகிற குடியானவர்கள் கையிலெடுத்துப் பார்க்கும்படி செய்தால் அதிகச் செலவாகாது. பழைய இரும்புக் கடைகளில் அவை எடைக்குக் கிடைக்கின்றன.